மூணு அம்பு, ஒரு தட்டு

காயட்டும், சவம். இறகை ஒட்டியாச்சு, இனி காயுற வரைக்கும் கையை மடியில வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கணும், அதுதான் முடியல. பசை டப்பாவுல அஞ்சு நிமிசம்னு போட்டிருக்கான், போட்ட மகராசன் எங்க உக்காந்து போட்டானோ, இந்த ஒன்டாரியோ அக்டோபர் குளிருல, ஹீட்டர் இல்லாத கராஜுக்குள்ள வந்து ஒட்டிப் பாத்திருந்தா அப்படிப் போடுவானா. ஒரு அம்புக்கு மூணு இறகு, ஒண்ணு வெள்ளை, ரெண்டு ஆரஞ்சு. அம்பைக் கிடுக்கியில மாட்டி, இறகோட அடியில பசையை இழுத்து, தண்டுல அழுத்திட்டு உக்காந்திருக்கணும். காஞ்சதும் கிடுக்கியைத் திருப்பி அடுத்த இறகு. காலையில இருந்து இதுதான் பொழப்பு. ரெண்டு அம்பு முடிஞ்சது, மூணாவதுல வெள்ளை காயுது, அஞ்சு மணிக்கு வேர்ன் டிரக்கோட வாசல்ல வந்து ஆரன் அடிப்பான், அதுக்குள்ள இன்னும் ரெண்டு ஆரஞ்சை ஒட்டி, காயவச்சு, பின்னால தோட்டத்துல நின்னு ஒரு தடவை எய்து பாத்திரணும். எய்து பாக்காம அங்க போயி நிக்கக்கூடாது. போன வாரம் முழுக்க அம்பு நான் சொன்ன பேச்சைக் கேக்கல. ஒண்ணு இடது பக்கம் போகுது, சரி, இடது பக்கம் போகுதுன்னு குறியைத் திருத்தினா அடுத்தது மேல ஏறுது, மூணாவது நேரா போயி நடுவுல நிக்குது, நாலாவது வேலிப் பலகையில. என்ன எழவுடா இது. புது இறகு வாங்கினேன், புது நாக் வாங்கினேன். நாக்னா அம்போட வால்ல இருக்க சின்ன பிளாஸ்டிக் கவ்வி, நாணைக் கவ்விப் பிடிக்கது. இத்தனூண்டுதான், ஆனா அம்பு நேரா போறதும் கோணிக்கிட்டுப் போறதும் பாதி அது கையிலதான் இருக்கு. அது கையில. கை. சரி, காஞ்சிச்சா? இல்ல. தொடாத, ஞானதுரை, தொடாதேங்கேன்.

தொட்டுட்டேன். ஒண்ணும் ஆகல, இறகு அசையல. எதுக்கு இப்படிப் பதறுதேன், கல்யாண வீடா, பரீட்சையா, ஒரு காகிதத் தட்டு, அவ்வளவுதானே. வேர்ன் சோளம் போடுற சம்சாரி, கனடாக்காரன், பேசுறது இங்கிலீசு, ஆனா இத்தனை வருசப் பழக்கத்துல என் மண்டைக்குள்ள அவன் பேச்சு எங்க சாயர்புரம் தமிழாத்தான் விழுது, அதுவும் 'வே' போட்டு. வருசா வருசம் மான் வேட்டை தொடங்குறதுக்கு முந்துன நாள் சாயங்காலம் அவன் ஒரு வைக்கோல் கட்டுல காகிதத் தட்டை ஆணியடிச்சு வைப்பான், பிறந்தநாளுக்கு கேக் வச்சுக் குடுப்பாகள்ல, அந்தத் தட்டு. மானோட நெஞ்சுக்கூடு, அம்பு பட்டா அந்தால விழுந்திரும்னு சொல்லுத இடம், அந்தத் தட்டு அளவுதான். ஆளுக்கு மூணு அம்பு. மூணும் தட்டுக்குள்ள இருந்தா மறுநாள் விடியக்காலம் மரமேறி, மேல கட்டுன பலகையில உக்காந்து மானுக்குக் காத்திருக்கலாம். ஒண்ணு வெளிய போனாலும் அந்த வருசம் மரம் கிடையாது, வேர்ன் வீட்டு அடுப்படியில உக்காந்து எல்லாருக்கும் உருளைக்கிழங்கு உரிக்கணும். கெஞ்சுனாலும் நடக்காது, கண்ணுல தூசின்னாலும் நடக்காது. இந்தச் சட்டத்தைப் போட்டது வேர்ன் இல்ல, அவங்க அப்பன் இல்ல. நான். வேர்னோட மச்சினன் கேரி, நல்ல மனுசன், சிரிச்ச முகம், ஒரு வருசம் அவன் விட்ட அம்பு ஒரு பெட்டை மானோட பின்தொடையில ஏறிப்போச்சு. அது அந்த அம்போடயே சோளக்காட்டுக்குள்ள நொண்டிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. நாங்க தேடுனோம், தேடுனோம், ஆரஞ்சு இறகு சோளத்துக்கு மேல ஆடிக்கிட்டுப் போறது தெரியும், பக்கத்துல போனா இருக்காது. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டு மேசையில நான்தான் தட்டைத் தூக்கிக் காட்டிச் சொன்னேன், இதுக்குள்ள அடிக்க முடியாதவன் மேல ஏறக்கூடாதுன்னு. எல்லாரும் சரின்னாங்க, கேரியும் சரின்னான். மறு வருசம் அவனோட மூணாவது அம்பு விரக்கடை அளவு வெளிய போச்சு. 'போவே, போயி உருளைக்கிழங்கை உரி'ன்னேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, அவனும் சிரிச்சான், உக்காந்து உரிச்சான். அதுக்கு அடுத்த வருசம் அவன் வரல. வில்லை வித்துட்டான்னு வேர்ன் சொன்னான். நான் என்ன தப்பாவா சொன்னேன்? சரியாத்தான் சொன்னேன். இப்பவும் அதையேதான் சொல்லுவேன். யாரா இருந்தாலும்.

காஞ்சிருச்சு. கிடுக்கியைத் திருப்பு, ஆரஞ்சு எடு, பசை. பைய, பைய. பசை டப்பா மூக்கு இறகோட அடியில நேரா இழுத்துக்கிட்டு வரணும், மெல்லிசா, கோடு மாதிரி. கோடு வளையுது. மூக்கு அடைச்சிருக்கு, அதான். துடைச்சிட்டு மறுபடி. வளையுது. சரி, போகட்டும், உள்ள போயி அமுங்கினா யாருக்குத் தெரியப்போகுது, அழுத்தியாச்சு. இனி காயணும். நான் கம்பெனியில பாக்கது இந்த வேலைதான், காருக்கு பிரேக் பாகம் செய்யுத கம்பெனி, அளவு சரியா தப்பான்னு பாத்து ஒதுக்கிப் போடுறவன் நான். என் கையில தப்பு மாட்டாம போனதே கிடையாது. வில்லுக்கடையில அந்தப் பொம்பளப்பிள்ளை பெட்டியோட நாக் கவ்வியைக் குடுத்தா, நான் ஒவ்வொண்ணா எடுத்து அளந்து அளந்து பாதியைத் திருப்பிக் குடுத்துட்டேன், 'ஐயா, இது எல்லாம் ஒரே அச்சுல வந்தது'ங்கா, வரட்டும், அச்சு தேயாதா? நாக் நாணைக் கவ்வணும், ஆனா பிடிச்சு வச்சிக்கிடக் கூடாது. அம்பை நாணுல மாட்டித் தொங்கவிட்டா தொங்கணும், நாணை விரலால ஒரு தட்டு தட்டினா விழணும், அதுதான் கணக்கு. ரொம்ப இறுக்கமா இருந்தா போகும்போது நாணு அம்பைத் திருகிவிடும், ரொம்ப லூசா இருந்தா இழுக்கும்போதே கழண்டு விழுந்து வில்லே உடையும். நான் தேடி எடுத்தது எல்லாம் சரியாத்தான் விழுது. சரி, நாக் இல்லேன்னா இறகுதான், இறகு வில்லுல உரசுதுபோலன்னு நினைச்சேன். அதுக்கு ஒரு வழி உண்டு, இறகுல பவுடரைப் பூசி எய்து பாக்கணும், எங்க பவுடர் அழிஞ்சிருக்கோ அங்க உரசுதுன்னு அர்த்தம். என் பொஞ்சாதி லில்லியோட முகப்பவுடரை எடுத்துட்டுப் போயி பூசி எய்தேன். அழியல. ஒரு இடத்துலயும் அழியல. அப்ப உரசல. பவுடர் ஈரமா இருந்திருக்கும், ஒட்டிக்கிட்டிருக்கும், அதான் அழியலன்னு சொன்னேன். லில்லி பவுடர் டப்பாவை வாங்கிப் பாத்தா, 'நல்லாத்தாங்க இருக்கு'ன்னா. 'ஒனக்கு என்னட்டி தெரியும்'னேன். வாய் சும்மா இருந்தாத்தானே. கண்ணு டாக்டர்கிட்டயும் போனேன், கண்ணு இன்னும் பத்து வருசம் ஓடும்னு சொல்லிட்டாரு, அந்தாளு மேல எனக்குக் கோவம். புதுசா வேலைக்கு வர்ற பயலுகளுக்கு முத நாளே சொல்லுவேன், துளை எல்லாம் ஒரே பக்கமா விலகியிருந்தா பயப்படாதீங்க, எங்கயோ ஒரு திருகு நகந்திருக்கு, திருத்திரலாம், ஒண்ணு இங்கயும் ஒண்ணு அங்கயுமா போனா பாகத்தைக் குத்தம் சொல்லாதீங்க, மிஷின் ஆடுதுன்னு அர்த்தம், நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடுங்க. என்னத்துக்கு இப்ப அது. இது கம்பெனியா, கராஜ். அம்புக்கு அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அம்புக்குக் காத்து இருக்கு, ஈரம் இருக்கு.

"ஏங்க, இன்னும் முடியலையா?" லில்லி கதவைத் தொறந்துகிட்டு வாரா, கையில டீ. "ஒரு இறகுதான் பாக்கி"ங்கேன். டம்ளரை மேசையில வைக்கா. பாத்தா பாதி டம்ளர். "ஏட்டி, இது டீயா, இல்ல இருமலுக்கு மருந்தா? பாதிதான் இருக்கு." "குடிச்சிட்டுக் கேளுங்க, இன்னும் ஊத்துதேன். முழுசா ஊத்துனா ஆறிப்போகுது, அப்புறம் பாதியைக் கீழ ஊத்துதீக." நான் எப்ப ஊத்துனேன்? நான் என்னைக்காவது டீயைக் கீழ ஊத்தி இவ பாத்திருக்காளா? ஈஸ்டருக்கு இவ தம்பி குடும்பத்தோட வந்திருந்தான், எல்லாருக்கும் டம்ளர் நிறைய, எனக்கு மட்டும் பாதி, வந்தவன் முன்னால கேக்கவா முடியும், மனசுக்குள்ள வச்சிக்கிட்டேன். வயசாக ஆகக் கஞ்சத்தனம் வந்திருது மனுசருக்கு. நிக்கா, போகல. கிடுக்கியைப் பாக்கா. "பசையை நான் போட்டுத் தரட்டா?" "வேண்டாம்." "நான் சும்மாதான் இருக்கேன்." "வேண்டாம்னு சொல்லுதேன்ல." போயிட்டா. இவளைக் கட்டும்போது எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே சிரிப்பு, பொண்ணு மாப்பிள்ளைய விட அரை அங்குலம் ஒசரம்னு. கோயில்ல செருப்பைக் கழத்திட்டு வெறுங்காலோட நின்னா, பாவம், நான் புது ஷூவுல, அப்படியும் போட்டோவுல அவதான் ஒசரமாத் தெரியுதா. அந்த ஒசரமும் கை நீளமும்தான், என் வில்லு அவளுக்கு அப்படியே பொருந்தும், ஒரு திருகு மாத்த வேண்டாம். குக்கர் விசில் வரட்டும்னு காத்திருக்க நேரத்துல தோட்டத்துக்கு வந்து நாலு அம்பு விடுவா, விட்டா தட்டுக்குள்ளதான். வேட்டைக்கு மட்டும் வரமாட்டா. 'உயிரோட நிக்கதை அடிக்க எனக்கு மனசு வராது, வெட்டிக் குடுத்தா குழம்பு வைப்பேன்'பா. நல்லா இருக்கே நியாயம்னு நான் சொல்லுவேன். டீ சூடா இருக்கு. டம்ளரை நான் எடுத்தா. எடுத்தா. வச்சிட்டேன். கொஞ்சம் ஆறட்டும்.

எங்க தாசண்ணன் டீயை டவராவுல ஊத்தித்தான் குடிப்பான், ரெண்டு கையாலயும் பிடிச்சு, குனிஞ்சு, வாயைக் கிட்டக் கொண்டுபோயி. அவன் நினைப்பு எதுக்கு இப்ப வருது. அவனுக்கு வந்தது அவனுக்கு. அவனுக்கு நடுக்கம், அது ஒரு வியாதி, என்னவோ நரம்புல, தூத்துக்குடி டாக்டர் பேரு சொன்னாரு, எனக்கு ஞாபகம் இல்ல. சும்மா மடியில வச்சிருந்தா கை நல்லா இருக்கும், எதையாவது பிடிச்சுத் தூக்கினாத்தான் ஆடும், அதனால ரொம்ப நாளைக்கு யாருக்கும் தெரியல. ஊர்ல சர்ச்சுக் கோயில்ல ராப்போஜனத்துக்கு வரிசையில போயி முட்டிபோட்டு நிக்கணும், பாதிரி ஐயர் சின்னக் கிண்ணியில திராட்சரசம் குடுப்பாரு, அதை வாங்கிக் குடிக்கணும். ஒரு ஞாயித்துக்கிழமை அண்ணன் கையில வாங்குன கிண்ணி ஆடி, வெள்ளைச் சட்டை நெஞ்செல்லாம் செவப்பு. பக்கத்துல முட்டிபோட்டிருந்தது நான். அவன் சட்டையைப் பாக்கல, என்னைத்தான் பாத்தான், நான் பாத்தேனா இல்லையான்னு. நான் பாக்காத மாதிரி கண்ணை மூடி ஜெபம் பண்ணுனேன். அடுத்த மாசத்துல இருந்து அண்ணன் வரிசைக்கு எந்திரிக்கல. கேட்டா, முட்டு வலிக்கு, மண்டிபோட முடியலன்னுருவான். முட்டு வலி. முட்டு வலின்னே சொல்லிச் சொல்லி, எண்ணெய் தேச்சு, பட்டை கட்டி, நொண்டக்கூடப் பழகிக்கிட்டான், கடைசி வரைக்கும். மதினிகூட கேட்டதில்ல. அண்ணனுக்கு அறுபது வயசுல. எனக்கு இன்னும் அறுபது ஆகல, இல்ல, ஆகல, தை மாசம்தான் ஆகும். எனக்கு அதெல்லாம் இல்ல. எனக்கு அம்புலதான் கோளாறு. குடும்பத்துல ஒருத்தனுக்கு வந்தா எல்லாருக்கும் வரணும்னு எந்தச் சட்டமும் இல்ல. இப்ப இங்க உக்காந்திருக்கேன், மடியில கை இருக்கு, பாத்துக்கிடுங்க, கல்லு மாதிரி இருக்கு. மடியில வச்சிருந்தா. சீ.

கடைசி இறகு. திருப்பு. பசை போடு. கிடுக்கியை இடது கையால பிடிச்சிக்கிட்டு வலது கையை மேசை விளிம்புல ஊனிக்கிட்டா நல்லாப் போகுது, இப்படித்தான் எல்லாரும் செய்வாங்க, இதுல ஒண்ணும் இல்ல. அழுத்தியாச்சு. இறகைக் கொஞ்சம் சாய்ச்சு ஒட்டியிருக்கேன் இந்தத் தடவை, சாய்ச்சு ஒட்டினா அம்பு பம்பரமாச் சுத்திக்கிட்டுப் போகும், சுத்திக்கிட்டுப் போனா கோணல் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சரியாயிரும், விட்டவன் கொஞ்சம் பிசகினாலும் அம்பு தானா நேராயிக்கிடும். கொஞ்சம்தான். மரத்து மேல இருக்க அந்த விடியக்காலத்தை இவங்க யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. இருட்டுல ஏறி, விழுந்திராம இருக்கப் பட்டியைக் கட்டிக்கிட்டு, பலகையில உக்காந்தா, மூச்சு விடுறதே சத்தமாக் கேக்கும், பைய வெளிச்சம் வரும், மரம் ஒவ்வொண்ணாத் தெரியும், ஒரு அணில் வந்து திட்டிட்டுப் போகும், மண்டைக்குள்ள ஓடுற இந்த ஓட்டம் இருக்குல்லா, இப்ப ஓடுதே இந்த ஓட்டம், அது நிக்கும். வருசத்துல அந்தக் கொஞ்ச நாள்தான் அது நிக்கும் எனக்கு. ஊரை விட்டு வந்து, மிஷின் சத்தத்துலயே காதைக் குடுத்து, பேசுனா பிறத்தியான் சிரிப்பானோன்னு ஒவ்வொரு வார்த்தையா அளந்து பேசி, மேல ஏறி உக்காந்தா மட்டும் நான் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். மான் வராட்டாலும் போகுது. வந்தாத்தான் பயமா இருக்கு. கீழ வந்து நிக்கும், காது மட்டும் திரும்பும், நான் வில்லைத் தூக்கணும், தூக்கி, இழுத்து, பிடிச்சுக்கிட்டு, அது ஒரு எட்டு முன்னால வைக்கட்டும்னு காத்திருக்கணும், அந்த நேரம், வில்லைப் பிடிச்ச கை. ஆரஞ்சு இறகு சோளத்துக்கு மேல ஆடிக்கிட்டுப் போகுது. அன்னா தெரியுது, இன்னா தெரியுது, போனா இல்ல. ஆண்டவரே, அது என் அம்பா இருக்கக் கூடாது. காஞ்சிருச்சா? காஞ்சிருச்சு. எந்திரி.

தோட்டத்துல வெயில் இன்னும் இருக்கு, மேப்பிள் மரம் பாதி கொட்டி நிக்குது, ஒரு இலை அசையல. வேலி ஓரமா மூட்டையில வச்சிருக்க குறிக்கு மேல ஒரு காகிதத் தட்டைக் குத்தி வைக்கேன். வேர்ன் நிறுத்துற தூரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் வந்து நிக்கேன். முத அம்பு, வெள்ளை இறகு மேல பாக்க மாட்டு, டிக்குன்னு கவ்வுது நாக், நல்ல சத்தம். இழு. குறியில தட்டு தெரியுது, தட்டுக்குள்ள இருக்கு, வெளிய போகுது, உள்ள வருது, தட்டு எதுக்கு இப்படி அலையுது, உள்ள வரும்போது விடு. தட்டோட ஓரம். இருக்கட்டும், ஓரம்னாலும் உள்ளதான். ரெண்டாவது. உள்ள, வெளிய, உள்ள. மூட்டையில, தட்டுக்குக் கீழ. மூணாவதை விட்டது தெரியும், போனது தெரியல, வேலியில டக்குன்னு ஒரு சத்தம். "சனியன் பிடிச்ச இறகு"ன்னு கத்திட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைக்குது. அடுப்படி ஜன்னல்ல லில்லி நிக்கா. எம்புட்டு நேரமா நிக்காளோ. "ஏட்டி, இங்க வா." வாரா, கையைத் துண்டுல துடைச்சிக்கிட்டு, மெதுவா. "நீ எய்து பாரு. நான் பக்கத்துல நின்னு அம்பு எப்படிக் கோணிக்கிட்டுப் போகுதுன்னு பாக்கேன், விடுறவனுக்கு அது தெரியாது." "எனக்கு அடுப்புல வேலை கிடக்குங்க." "ரெண்டு நிமிசம்ட்டி." "வேண்டாம்ங்க. நேத்தே தோள்பட்டை வலிச்சுச்சு." "மூணு அம்புதானே கேக்கேன், மலையையா தூக்கச் சொல்லுதேன்? நான் அங்க போயி அசிங்கப்பட்டு நிக்கணுமா?" அவ துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டா. நான் போயி அம்பைப் பிடுங்கிட்டு வந்தேன், வேலியில ஏறுனதையும் சேத்துத்தான். வில்லைக் குடுத்தேன்.

மாட்டுனா. இழுத்தா. என் வில்லுதான், என் நீளம்தான், அவ கையில அது சுவத்துல அடிச்ச ஆணி மாதிரி நிக்குது. விட்டா. அம்பு போறதைப் பாத்தேன், சுத்திக்கிட்டு, வால் ஆடாம, கோடு இழுத்த மாதிரி. தட்டுக்கு நடு. ரெண்டாவதை மாட்டுனா, கொஞ்சமும் யோசிக்கல, விட்டா. முத அம்புக்குப் பக்கத்துல போயி நிக்குது, இறகும் இறகும் உரசிக்கிட்டு. நான் தட்டையே பாத்துக்கிட்டிருக்கேன். தட்டைப் பாக்கேன், என் முகத்துல அவ கண்ணு இருக்கது தெரியுது, திரும்பல நான். மூணாவது அம்பை மாட்டுனா. இழுத்தா, நிதானிக்கல, இழுத்த கையோட விட்டுட்டா. அம்பு மூட்டைக்கு மேல பறந்து வேலியில போயி குத்துச்சு, நான் விட்டதை விடத் தள்ளி. "காத்து"ங்கா. நான் மேப்பிள் மரத்தைப் பாத்தேன். "அம்புதாங்க சரியில்ல"ங்கா மறுபடியும், வேகமா, "இறகு பிரிஞ்சிருக்கும், பசை சரியாக் காயல. வேர்ன்கிட்ட சொல்லுங்க, இன்னைக்கு அம்பு சரியில்ல, இன்னொரு நாள் பாத்துக்கிடலாம்னு. அவரு கேப்பாரு." நான் வேலிக்கு நடந்தேன். நடக்கும்போதே தெரியுது. இத்தனை வருசமா இவ எய்து தட்டுக்கு வெளிய போயி நான் பாத்ததில்ல. அம்பைப் பிடுங்கினேன். இறகு மூணையும் நகத்தால கிளப்பிப் பாத்தேன். பிரியல. நாக் கவ்வியைத் திருகிப் பாத்தேன், ஆடல. தண்டு வளைஞ்சிருக்கான்னு அம்பை நகத்து மேல நிறுத்திச் சுத்திவிட்டுப் பாக்கலாம்னு தூக்கினேன், அம்பு முனை என் கண்ணுக்கு முன்னால ஆடுது, வெள்ளை இறகு ஆடுது, ரெண்டு ஆரஞ்சும் ஆடுது, நல்ல அம்பு, நானே ஒட்டுன நல்ல அம்பு. ஈஸ்டருக்கு முந்தியே இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. வந்தவங்க முன்னால சிந்திரக் கூடாதுன்னு பாதி ஊத்தியிருக்கா. அன்னையில இருந்து ஒவ்வொரு நாளும், காலையில, சாயங்காலம், பாதி, பாதி, நான் கஞ்சப்பிசினாறின்னு திட்டத் திட்ட, வாயத் தொறக்காம. தாசண்ணன் மதினிக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கும். முட்டுக்கு எண்ணெய் காய்ச்சிக் குடுத்தாளே.

ஆரன். வாசல்ல டிரக் நிக்குது. வேர்ன் வீட்டைச் சுத்திப் பின்னால வாரான், தொப்பியைத் தலையில அழுத்திக்கிட்டு, "கிளம்புவோமா வே? தட்டு காத்துக் கிடக்கு." லில்லி என்னைப் பாக்கா. சொல்லிருங்கன்னு கண்ணால சொல்லுதா, இறகு பிரிஞ்சிருச்சுன்னு சொல்லிருங்க. வாய் வரைக்கும் வந்திருச்சு. ரொம்ப எளிசா வந்திருச்சு, முட்டு வலி மாதிரி. "வேர்ன், இந்த வருசம் உருளைக்கிழங்கு நான் உரிக்கேன்." அவன் சிரிச்சான், நான் வேடிக்கை பண்ணுதேன்னு. அப்புறம் தட்டுல நிக்க ரெண்டு அம்பைப் பாத்தான், என் கையில இருக்க அம்பைப் பாத்தான். "அம்புல கோளாறா? டிரக்குல என்னோடது கிடக்கு, எடுத்துக்கிடும்வே." "அம்புல ஒண்ணுமில்லவே. அந்த ரெண்டும் இவ விட்டது." வேறென்ன சொல்லணும். சொல்லணும். கையை நீட்டுனேன், அம்போட. "கை நடுங்குது." சொல்லிட்டேன். வேர்ன் என் கையைப் பாத்தான், ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லிருவானோன்னு பயந்துக்கிட்டு நிக்கேன் நான். அவன் தொப்பியைக் கழத்தி மண்டையைச் சொறிஞ்சான். "கிழங்கு நிறைய கிடக்குவே"ன்னான், "துணைக்கு கேரியைக் கூப்பிடட்டா?" கூப்பிடுன்னேன். கேரிகிட்ட நான் பேச வேண்டியதும் இருக்கு. லில்லி துண்டால முகத்தைத் துடைச்சிக்கிட்டு அடுப்படிக்குப் போறா. "ஏட்டி, வேர்னுக்கும் ஒரு டீ ஊத்து. எனக்கு முழுசா ஊத்து." அவ நின்னா, திரும்பல. "சிந்திப்போகுமேங்க"ங்கா. "சிந்தட்டும்." கொண்டுவந்தா, டம்ளர் விளிம்பு வரைக்கும், ஒரு சொட்டுகூடச் சிந்தாம என் கையில குடுத்தா. வாங்குனேன். விரல்ல வழியுது, சட்டைக் கையில வழியுது, சுடுது. வேர்ன் பாக்கான், அவ பாக்கா, நான் குடிக்கேன்.